எத்தனை தட்டு?

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை எண்ணக் கூடாது. ஆட்டை எண்ணலாம், தென்னை மரத்தை எண்ணலாம், புது வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்டால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். பிள்ளை எத்தனை என்று கேட்டுவிட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "ஏதோ கடவுள் குடுத்தது இருக்கு" என்று பேச்சை அங்கேயே முடித்துவிடுவார்கள். மூன்று இருக்கிற வீட்டில் இரண்டு என்பார்கள். எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். கேட்கிறவளுக்கே பிள்ளை இல்லை என்றால் அந்தப் பயம் இன்னும் கூடும்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நடுவில் கேட்க வேண்டாம். தென்காசி ஊர் ஓரத்தில், குற்றாலம் போகிற வழியில், ஒரு சின்ன அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய், பள்ளி வயதில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, கெஞ்சியோ மிரட்டியோ பிள்ளை சேர்ப்பது என் வேலைகளில் ஒன்று. வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் நேராகவே கேட்டுவிட்டேன், எத்தனை பிள்ளைகள் என்று. அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "பெறாதவ வந்து எண்ணுதா பாரு" என்று கதவுக்குப் பின்னால் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

அதற்குப் பிறகு நான் பிள்ளையைக் கேட்பதில்லை. தட்டைக் கேட்பேன். "ராத்திரி சோத்துக்கு எத்தனை தட்டு எடுத்து வைப்பிய?" தட்டைச் சொல்வதில் யாருக்கும் பயம் இல்லை. எவர்சில்வர் தட்டுக்குக் கண் பட்டு என்ன ஆகப்போகிறது? ஆறு என்பார்கள், ஏழு என்பார்கள். புருஷன் பெண்டாட்டியைக் கழி, மாமனார் மாமியாரைக் கழி, மிச்சம் பிள்ளைகள். பேச்சோடு பேச்சாக "வெளிநாட்டுல இருக்கவுகளுக்குத் தட்டு வைக்கது இல்லையே டீச்சர்" என்று அந்தக் கணக்கும் வந்துவிடும். இத்தனை வருஷத்தில் இந்தத் தட்டுக் கணக்கு என்னைக் கைவிட்டதே இல்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள்கூட இதைப் பிடித்துக்கொண்டார்கள். யார் கண்டுபிடித்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஊர் வளர்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீசும் வந்த பிறகு வாடகைக்கு வீடு கேட்டு வராத ஆளே இல்லை. சுரண்டையில் கடை வைத்திருக்கிறவர், பிள்ளைகள் படிப்புக்கு என்று இங்கே வீடு கட்டுகிறார். காலையில் பஸ் ஏறிக் கடைக்குப் போய்விட்டு இருட்டினதும் திரும்பி வருகிறார். அச்சன்புதூரில் வயல் வைத்திருந்தவர் மகன் இங்கே ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறான். வடகரைக்காரர் ஒருவர் வயலையும் விடாமல் இங்கே எலக்ட்ரிக் கடையும் போட்டிருக்கிறார். செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த அம்மா என்னைப் பார்த்தால் "எந்தா டீச்சரே, சுகம்தானே?" என்பாள். பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கழற்ற மனசில்லாமல் பொங்கல் வரை தொங்கவிட்டிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் அதன் வெளிச்சத்தில் கோலம் போடுவார்கள்.

வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்டது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் விடட்டும். எனக்கு வீடு வந்ததில் சந்தோஷம்தான். வயலில் நெல்தான் விளையும். வீட்டில் பிள்ளை இருக்கும். நான் பள்ளிக்கூடம் நடத்துகிறவள், எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் அந்தப் புதுத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு தெருவுக்குள் நாலு பாஷை கேட்கும், எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வெங்காயம் வதங்குகிற வாசம் வரும். யார் எந்த ஊர் என்று அதற்கப்புறம் கேட்கத் தோன்றாது.

ஒரே ஒரு வருத்தம். இத்தனை வீடு வந்தும் அந்தப் பிள்ளைகள் என்னிடம் வரவில்லை. காலையில் மஞ்சள் வேன்கள் வரிசையாக வரும். டை கட்டிய பிள்ளைகளை வாசலிலிருந்தே அள்ளிக்கொண்டு போய்விடும். அதில் ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு எதிரேயே நின்று ஹாரன் அடிக்கும். ஊர் பெருத்துக்கொண்டே போக, என் பள்ளிக்கூடம் மட்டும் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டு வந்தது.

போன வருஷம் அது கழுத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். பிள்ளைகள் என்னைப் பெரிய டீச்சர் என்றும் அவளைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டே எழுத்துச் சொல்லித் தருவதை நான் ஜன்னல் வழியாக நின்று பார்ப்பேன். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, நான் அதட்டித்தான் சொல்லித் தருவேன். பள்ளி திறந்து கொஞ்ச நாளில் அதிகாரி வந்து பிள்ளைகளின் தலையை எண்ணுவார். எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால் இரண்டாவது ஆசிரியர் உபரி. உபரி என்றால், மாவட்டத்தின் அந்தக் கடைசியில் எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவளுக்குச் சுரண்டையில் கடை வைத்திருக்கிற புருஷன், ஒன்றாம் வகுப்புக்குப் போகிற வயதில் ஒரு மகள். அவள் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. அப்படி நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு எவள் பிள்ளையை அனுப்புவாள்? அடுத்த வருஷம் பூட்டுத்தான்.

அதனால் அந்த மே மாதம் நாங்கள் இருவரும் வெயிலில் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல. அப்படித்தான் மர மில்லுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளுக்குப் போனோம். ஒரே சுவருக்கு வரிசையாக அறைகள், முன்னால் பொதுக் குழாய், பொதுக் கொடி. மில்லில் மரம் அறுக்கிறவர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். ஒரு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து நேந்திரங்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடையில் சீசனுக்கு வேலை செய்கிறவள், காயை வீட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். ஒடிசாக்காரி. புருஷன் செங்கோட்டைப் பக்கம் ஒரு மில்லில் சில வருஷம் இருந்துவிட்டு, அப்போதுதான் இந்த மில்லுக்கு மாறி வந்திருந்தான்.

நான் இந்தியில் ஏதோ தட்டுத் தடுமாறி ஆரம்பித்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தமிழ்லயே பேசுங்க டீச்சர். நீங்க பேசுதது எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள். சின்ன டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயில் அப்படியே உட்கார்ந்திருந்தது. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. வழக்கம்போலக் கேட்டேன்.

"ராத்திரிக்கு எத்தனை தட்டு வைப்ப?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மூணு" என்றாள்.

புருஷன், பெண்டாட்டி, மிச்சம் ஒன்று. மூன்றாம் வகுப்புக்குப் போகிற மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சேர்த்துக்கொண்டோம். கொடியில் சின்னச் சட்டை ஒன்று காய்ந்தது. லைன் வீட்டுக் கொடியில் யார் வீட்டுச் சட்டை என்று எப்படித் தெரியும்? எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. சாரலும் ஆரம்பித்துவிட்டது. குற்றாலம் ரோட்டில் வெளியூர் வண்டிகள் தலையில் எண்ணெய் வழிகிற ஆட்களோடு போய்க்கொண்டிருந்தன. நாங்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தோம். ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினோம். அப்போதும் ஒன்று குறைந்தது. ஒரே ஒரு பிள்ளை. சின்ன டீச்சர் போர்டை அழிக்க ஆரம்பித்தாள். அதில் எழுத்தே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் அது தெரிந்தது. அந்த ஒடிசாப் பிள்ளை தினமும் சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு இழுப்பாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதைச் சாப்பிடுவாள். அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். முட்டை போடுகிற நாளில் முட்டையையும் பாதியாகப் பிய்த்து அந்தப் பக்கம் வைத்துவிடுவாள். சமையல் அம்மாவுக்கு அதில் கோபம். "என் சோறு பிடிக்கலியாம்" என்று என்னிடம் வந்து முறையிட்டாள். சின்ன டீச்சர் அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஏன் பாதியை வச்சிருக்க?"

"அது தங்கச்சிக்கு."

"தங்கச்சி எங்க?"

"வீட்டுல."

"இங்கன இல்லாத தங்கச்சிக்கு ஏன் வைக்க?"

அந்தப் பிள்ளை யோசித்தது. "எப்பவும் அப்படித்தான் வைப்பேன்" என்றது.

அன்றைக்குச் சாயங்காலமே இருவரும் லைன் வீட்டுக்குப் போனோம். எனக்குத் தலைகால் புரியாத கோபம். இத்தனை வருஷமாக என் தட்டுக் கணக்கை ஏமாற்றினவர் யாரும் கிடையாது. அவள் அதே இடத்தில் உட்கார்ந்து காய் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பு வயதில், நெற்றியில் முடி விழுந்த ஒரு சின்னப் பெண் எங்களைப் பார்த்தாள்.

"சின்னவ ஒருத்தி இருக்கான்னு நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலியே டீச்சர்."

"கேட்டேன்லா?"

"தட்டு எத்தனைன்னு கேட்டிய. மூணுன்னு சொன்னேன். வீட்டுல தட்டு மூணுதான். வேணும்னா உள்ள வந்து பாருங்க. அக்காளும் தங்கச்சியும் ஒரே தட்டுலதான் திங்கும். தனித்தனியா போட்டா ரெண்டும் திங்காது."

பொய் என்று எதைச் சொல்ல? நான் எதற்காகத் தட்டைக் கேட்கிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. செங்கோட்டைப் பக்கத்து டீச்சர்களும் அதைத்தானே கேட்பார்கள். எங்கள் ஊர் வித்தையை எங்களிடமே காட்டிவிட்டாள். கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏன் மறைச்ச?" என்று கேட்டேன்.

அவள் ஒளிக்கவில்லை. "பெரியவ உங்ககிட்ட படிக்கட்டும். சின்னவள வேன்ல அனுப்பப் போறேன். அதுக்குத்தான் சீசனுக்கு வேலைக்குப் போறேன். இந்த வருஷம் முடியல, வர்ற வருஷம் அனுப்பிருவேன். உங்ககிட்ட சொன்னா விட மாட்டிய."

உண்மைதான், விட மாட்டேன். அன்றைக்கும் விடவில்லை. எங்கள் பள்ளியின் பெருமையை நான் எடுத்துவிட்டேன். காலையில் சாப்பாடு, மத்தியானம் சாப்பாடு, புத்தகம், சீருடை, செருப்பு, இங்கிலீஷ் மீடியமும் உண்டு, டீச்சர் பாட்டுப் பாடியே எழுத வைத்துவிடுவாள், அடி கிடையாது, அதட்டல் மட்டும் உண்டு, அதுவும் என்னிடம் மட்டும்தான். அவள் காய் சீவுவதை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் குறுக்கிடவே இல்லை.

"அம்புட்டு நல்ல பள்ளிக்கூடமா?" என்றாள்.

"ஆமா."

அவள் சின்ன டீச்சர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் பிள்ளை உண்டா டீச்சர்?"

"உண்டு. ஒரு மக. இவ வயசுதான்."

"எங்க படிக்கா?"

குழாயில் யாரோ குடத்தை வைத்த சத்தம் கேட்டது. சின்ன டீச்சர் கீழே கிடந்த நேந்திரங்காய்த் தோலைப் பார்த்தாள். "சுரண்டையில" என்றாள். பிறகு அவளே சொன்னாள், "வேன்லதான் போறா."

"அதான்" என்றாள் அந்தப் பெண். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். கடையில் விலை கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

திரும்பி வரும்போது நான் பொருமிக்கொண்டே வந்தேன். "நேத்து வந்தவ நம்மளக் கேள்வி கேக்கா" என்றேன்.

"நேத்து வந்தவ இல்ல டீச்சர்" என்றாள் சின்ன டீச்சர். "வெளியூர்க்காரியா இருந்தா பயந்துகிட்டுப் பிள்ளைய அனுப்பிருப்பா. இவ நம்ம ஊர்க்காரி. அதான் இப்படிக் கேக்கா." அதற்குப் பிறகு பஸ் வரும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் விட்டுவிட்டேன். உன் பிள்ளையைக் கொண்டுவந்து சேர் என்று அவளிடம் என் வாயால் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெற்று வளர்த்துப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ.

மறு வாரம் முழுக்க சின்ன டீச்சர் முகம் வீங்கியிருந்தது. கேட்டதற்குச் சளி என்றாள். பிறகு மத்தியானச் சாப்பாட்டில் துண்டு துண்டாகச் சொன்னாள். மகளை எங்கள் பள்ளியில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்திருக்கிறாள். மாமியார் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள், "ஊர்ல அவளவ பிள்ளைய மேல ஏத்துதா. நீ கீழ எறக்குதியா? ஒன் வேலைக்கு என் பேத்திதான் கெடச்சாளா?" என்று கேட்டுவிட்டாள். புருஷன் கெட்டவர் இல்லை. அவர் ஒரு வழி சொன்னாராம்: தலை எண்ணுகிற நாள் வரை அங்கே போகட்டும், எண்ணி முடிந்ததும் பழையபடி வேனில் ஏற்றிவிடலாம், இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"சரின்னுட்டேன் டீச்சர்" என்றாள். என்னைப் பார்க்காமல் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது, இன்னொரு பாரம் ஏறியது. எண்ணிக்கை சரியாகிவிடும், இவள் தப்பிவிடுவாள். ஆனால் எண்ணுவதற்காக வந்துபோகிற பிள்ளை, கல்யாண வீட்டு வாடகைப் பாத்திரம் மாதிரி. அதை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் குடித்தனம் நடத்த? சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை, நிஜமான பிள்ளை, நிஜமான சேர்க்கை. இருந்தும் அந்த லைன் வீட்டுக்காரி முகம் எனக்கு அடிக்கடி வந்து போனது.

அடுத்த திங்கட்கிழமை சின்ன டீச்சர் மகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். பிள்ளை ஷூ போட்டிருந்தது, கழுத்தில் பழைய பள்ளிக்கூடத்து டை. கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எங்கள் பாயில் உட்கார மாட்டேன் என்று சுவரோரம் நின்றது. அம்மாவை டீச்சர் என்று கூப்பிடச் சொன்னதற்கு அழுதது. மத்தியானம் தட்டைத் தொடவில்லை. அப்போது அந்த ஒடிசாப் பிள்ளை தன் தட்டைத் தள்ளிக்கொண்டு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி, "இது உனக்கு" என்றாள். இவள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பாதி முட்டையைத் தின்றாள். வீட்டில் முட்டையே தொட மாட்டாள் என்று சின்ன டீச்சர் சொன்னாள்.

நாள் போகப் போக டை காணாமல் போனது. பிறகு ஷூ போய்ச் செருப்பு வந்தது. காலையில் பஸ் ஸ்டாப்பில் அந்த லைன் வீட்டுக்காரியும் நிற்பாள், குற்றாலம் பஸ்ஸுக்காக. பெரியவளை எங்கள் கேட்டில் விட்டுவிட்டு, சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள். சின்ன டீச்சர் மகளோடு இறங்குவதை அவள் தினமும் பார்த்தாள். ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர் பிள்ளை வந்தாச்சு. பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர்."

"அப்ப உன் பிள்ளை?"

"பாப்போம்" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு வகுப்பில் என்னிடம் அகப்பட்டவர்கள் பாவம்.

அதிகாரி வந்தார். வேறு மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர், எங்கள் வழக்கம் தெரியாதவர். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு தலையாக விரலை நீட்டிச் சத்தமாக எண்ணினார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் படித்தவள், கணக்குப் பாடம் எடுக்கிறவள், ஆனாலும் திருப்பிக்கொண்டேன். சமையல் அம்மா வாசலில் நின்று, அவர் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும்போதும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். எண்ணி முடித்ததும் பிள்ளைகளைப் பார்த்துக் கையைச் சுற்றி நெட்டி முறித்தாள். அதிகாரி என்ன என்று கேட்டார். கை வலி சார் என்றேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சின்ன டீச்சர் இடம் நிலைத்தது. அவர் போன பிறகு அவள் ஒன்றாம் வகுப்பு மூலையில் போய் நின்றுகொண்டு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் டீ வாங்கிவரச் சொன்னேன். இருவரும் குடித்தோம். நாளைக்கு உன் மகள் வருவாளா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. வர மாட்டாள் என்று சொல்லிவிட்டால் அவளை எப்படிக் குறை சொல்ல? புருஷனும் மாமியாரும் விட்டுக்கொடுத்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான். பழைய பள்ளிக்கூடத்தில் இடமும் காத்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னது கேட்டைத் தாண்டும்போது எனக்கு டாட்டா காட்டியது. நானும் காட்டினேன்.

மறுநாள் காலையில் நான் சீக்கிரமே வந்துவிட்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கேட்டில் குடையோடு நின்றேன், வேலை இருக்கிற மாதிரி பூட்டைத் திறந்து மூடிக்கொண்டு. எதிரே பஸ் ஸ்டாப்பில் லைன் வீட்டுக்காரி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அவள் போக வேண்டிய குற்றாலம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பஸ் நகர்ந்த பிறகுதான் பார்த்தேன், அவள் சேலைக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சின்னவள் நின்றாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை.

தென்காசியிலிருந்து டவுன் பஸ் வந்தது. ரெண்டு பேர் இறங்கினார்கள், ஒரு பால்காரர் இறங்கினார். பிறகு சின்ன டீச்சர் இறங்கினாள், தனியாக. நான் பூட்டை அப்படியே விட்டுவிட்டேன். அவள் கீழே நின்று திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினாள். படியில் பையை மாட்டிக்கொண்டு அவள் மகள் நின்றிருந்தாள். குதித்தாள். குதித்ததும் எங்கள் கேட்டைப் பார்த்து ஓடிவந்தாள்.

"ராத்திரி வீட்டுல பேசிட்டேன் டீச்சர்" என்றாள் சின்ன டீச்சர் என்னிடம். "இனிமே இங்கனதான். அவளும் வேன்ல போக மாட்டேன்னுட்டா." அவள் குரல் கரகரவென்று இருந்தது.

ரோட்டைத் தாண்டி அந்தப் பெண் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் எண்ணிக்கை முந்தின நாளே அதிகாரியோடு போய்விட்டது. இந்தப் பிள்ளை வந்தாலும் அதில் ஏறாது, வராவிட்டாலும் குறையாது. அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நேத்தே எண்ணிட்டுப் போயிட்டாவம்மா" என்றேன்.

"தெரியும் டீச்சர். பெரியவ சொன்னா. அதான் இன்னைக்கு பஸ்ஸப் பாக்க வந்தேன்" என்றாள். "நேத்து வரைக்கும் அவுக பிள்ளை கணக்குக்கு வந்துச்சா படிக்க வந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னைக்கும் எறங்குதான்னு பாக்கணும்லா."

சின்னவளின் கையைத் தன் விரலிலிருந்து பிரித்து, சின்ன டீச்சர் கையில் கொடுத்தாள். அடுத்த குற்றாலம் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. சின்ன டீச்சர்தான் அழுதாள்.